கதவுக்கு உள்ளே ஒரு கேமரா

என் அன்புக் குருவிக்கு,

இங்கே என் வலது மணிக்கட்டைத் தவிர எல்லோரும் நலம். நீயும் இருமல் தும்மல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சிரித்த முகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். மணிக்கட்டு என்றதும் பதறாதே, குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் சுளுக்கு, எலும்புக்கு ஒன்றுமில்லை, கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதிலிருந்து அவளுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது. நான் பேசுவதை அப்படியே எழுத மாட்டாளாம், நல்ல தமிழில் திருத்தித்தான் எழுதுவாளாம். ஆனால் மற்றவர்கள் பேசியதை மட்டும் ஒரு சொல் மாறாமல் எழுத வேண்டுமாம், நீ அனுப்பிய புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். சரி தாயே, எழுது என்று விட்டுவிட்டேன்.

அந்தப் புத்தகத்துக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதமே. தொலைக்காட்சி நாடகம் எழுதுவது எப்படி என்று ஒரு புத்தகத்தை எனக்குப் போய் அனுப்புவாய் என்று நான் நினைக்கவே இல்லை. முதல் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை அப்பா எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டார். “அடுத்த காட்சியில் என்ன வரும் என்று முன்பே சொல்லி எல்லோரிடமும் திட்டு வாங்கும் அம்மாவுக்கு” என்று எழுதியிருந்தாயே, படித்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுதியவர் பெயர் வாயில் நுழையாததால் வீட்டில் அவருக்குப் புத்தகக்காரர் என்று பெயர். இப்போது அவர் நம் வீட்டு ஆள் மாதிரி. எதற்கெடுத்தாலும் அப்பா “புத்தகக்காரர் என்ன சொல்றாரு, கேட்டுச் சொல்லு” என்பார். பேச்சைக் காது கொடுத்துக் கேள் என்று அவர் சொல்லியிருக்கிறார், நானும் பேக்கரியில் கல்லாவுக்குப் பின்னால் நின்று வருகிறவர் போகிறவர் பேச்சையெல்லாம் கேட்கிறேன். முதலாளி பார்த்துவிட்டு, “என்னம்மா, ரொட்டியக் குடுக்கச் சொன்னா கதை கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க?” என்றார். வேலைதான் செய்கிறேன் சார் என்று சொன்னேன், அது பொய்யில்லை.

எழுதும் விதம்தான் முதலில் பிடிபடவில்லை. தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும், இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது, அவ்வளவுதான். கண்ணுக்கும் தெரியாமல் காதுக்கும் கேட்காமல் ஒன்றும் எழுதக்கூடாது. நான் முதல் தாளிலேயே அம்மா மனதுக்குள் அழுகிறாள் என்று எழுதச் சொன்னேன், சின்னவள் பேனாவை மூடிவிட்டு, “மனசுக்குள்ள கேமரா எப்படிம்மா போகும்?” என்றாள். அன்று முழுக்க எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. புதியவர்கள் எழுதும் அரை மணி நேர நாடகங்கள் வேண்டும் என்று தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் துணிந்து உட்கார்ந்தோம். தெரிந்ததை எழுது என்கிறார் புத்தகக்காரர். எனக்கு நன்றாகத் தெரிந்தது நீ வேலைக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்ட காலைதான்.

உனக்கு அது மறந்திருக்காது. போகாதே போகாதே என்று அத்தை ஒரு வாரமாக ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் விடைபெற நீ மாடிக்குப் போனபோது அவள் அறைக் கதவு சாத்திக் கிடந்தது, உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீ படிக்கட்டில் நின்று, இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாய். பிள்ளை போகிற நேரத்தில் ஒரு தையலை நிறுத்த மனமில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கடகட சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை. அதன் பிறகு அவளும் நானும் தண்ணீர் வந்ததா, பால் வந்ததா என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. நீயும் எந்தக் கடிதத்திலும் அத்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டதில்லை. ஆகவே என் நாடகத்தில் மாடியம்மா என்று ஒருத்தி வந்தாள், பெண்ணின் ஆசைக்குக் குறுக்கே நிற்கிறவள். அடையாளம் தெரியக்கூடாது என்று அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டேன். என் நேரத்தைப் பார், நாடகம் முடிகிற சமயத்தில் அத்தை கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடியோடு வந்து நின்றாள். சின்னவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, நான் நாடகத் தாளை மடித்து மறைத்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு பாத்திரமாக உரக்கப் படித்துப் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் உட்கார்ந்தோம். எனக்கு அம்மா வேஷம், சின்னவள் பெண்ணுக்கும் படிப்பாள், காட்சிக் குறிப்புகளையும் படிப்பாள். அப்பாவுக்கு நாடகம் முழுக்க ஒரே வசனம், “சரி.” அதற்கு அவர் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். மாடியம்மாவுக்குப் பக்கத்து வீட்டு நர்ஸ் வருவதாக இருந்தது, அவளுக்கு வேலை நேரம் மாறிவிட்டது. அந்த நேரம் பார்த்து அத்தை மிஷினுக்கு எண்ணெய் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அப்பாவுக்கு எப்போது எதைச் சொல்வது என்று என்றைக்குத் தெரிந்திருக்கிறது? “அக்கா, ஒரு ஆள் குறையுது, நீ படியேன்” என்று தாளை நீட்டிவிட்டார். அவருக்கு ஒற்றை வசனம்தான் என்று கேட்டதும் அத்தை, “பரவாயில்லையே, வீட்டுல பேசுறதவிட அதிகமா குடுத்திருக்காங்க” என்றாள். உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். குருவி, அவள் படித்ததை நீ கேட்டிருக்க வேண்டும்! ஏற்ற இறக்கம் எல்லாம் அப்படியே வந்தது. முதல் பக்கம் முடிந்ததும், “யாரு இவ? வெளுத்து வாங்குறாளே” என்று அவளே பாராட்டினாள்.

கதவுக் காட்சி வந்தது. இடப்பக்கம் மாடியம்மா கதவைச் சாத்துகிறாள் என்றும், வலப்பக்கம் தையல் மிஷின் சத்தம் என்றும் சின்னவள் படித்தாள், குரல் உள்ளே போய்விட்டது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். “இது நான்தானே?” என்றாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அவள் எழுந்து படியேறினால் இனி இந்த வீடு மேலும் கீழுமாக இரண்டு வீடுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. சின்னவளைப் பார்த்து, “சாத்திட்டு உள்ள என்ன பண்றா?” என்று கேட்டாள். சின்னவள் பயந்துகொண்டே, “அது இல்ல அத்தை, கேமரா வெளியில படிக்கட்டுல நிக்குது” என்றாள். “ஏன், அதுக்குக் கால் வலியா? தூக்கிட்டு உள்ள வா. நான் சொல்றேன், எழுது” என்றாள் அத்தை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். “மிஷினக் காட்டு. ஊசியில நூல் இல்ல. துணியும் இல்ல. கால் மட்டும் மிதிச்சுக்கிட்டே இருக்கு. அவ்வளவுதான்.” சின்னவள் எழுதிவிட்டு, துணியே இல்லாமல் மாடியம்மா எதற்கு மிதிக்கிறாள் என்று கேட்டாள். “சத்தத்துக்குத்தான். இல்லன்னா நான் அழுறது கீழ கேக்குமே” என்றாள். பிறகு அவளே, “வெளிய வந்தா என் வாய் சும்மா இருக்குமா? இன்னொண்ணு சொல்லித் தொலைப்பேன், புள்ள அதையும் சுமந்துக்கிட்டுப் போகும்” என்றாள். அப்போது அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சரி” என்றார். அவர் வசனம் அங்கே இல்லை. ஆனாலும் நாங்கள் அதை அங்கேயே வைத்துவிட்டோம்.

பிறகு எண்ணெயை மறந்துவிட்டு அத்தை சாயங்காலம் வரை எங்களோடு உட்கார்ந்தாள். மாடியம்மா பேச்சில் பாதியை அடிக்கச் சொன்னாள். “போனவ உருப்பட மாட்டான்னு நான் எப்ப சொன்னேன்? அங்க குளிருமே, இவளுக்குத் தொண்டை கட்டுமேன்னுதானே சொன்னேன்” என்று சண்டைக்கு வந்தாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது அப்படித்தான். எதிர்த்து நிற்கிறவருக்கும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்று புத்தகக்காரர் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார், நான் அதைப் படித்து அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அன்று மிஷின் என் காதில் விழுந்தது, அத்தை என் கண்ணில் படவில்லை. பாதித் தாளை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் கோபப்பட்டிருக்கிறேன். மூன்று பேருமாகத் திருத்திய நாடகத்தைத் தபாலில் சேர்த்தாயிற்று. அவர்கள் எடுத்துக்கொண்டால் சந்தோஷம், திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுவோம், அத்தை இப்போதே அடுத்த கதை என்ன என்று கேட்கிறாள். ஆனால் இந்தப் புத்தகம் எனக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டது. என் கண்ணே, நீ நல்லா இருக்கணும். நீ இதை அனுப்பாமல் இருந்திருந்தால் மாடியில் ஒருத்தி அழுதது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. இதைப் படித்து முடித்ததும் அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, எங்களுக்கு எழுதுவதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடாதே. அவள் பெயர் போட்டுத் தனி உறையில் வரட்டும், தபால்காரர் அவளைக் கீழே கூப்பிடட்டும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடியில் மிஷின் ஓடுகிறது. சின்னவளை மேலே அனுப்பிப் பார்த்து வரச் சொன்னேன். ஊசியில் நூல் இருக்கிறதாம், சிவப்பு நூல். கம்பளித் துணியில் கழுத்துக்குச் சுற்றிக்கொள்ளும் பட்டை தைக்கிறாளாம், யாருக்கு என்று கேட்டதற்கு, “தொண்டை கட்டுறவளுக்கு” என்றாளாம்.

எங்கிருந்தாலும் நீ நிறைவாக, நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் அத்தையும் நானும் வாழ்த்துகிறோம்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
(கை வலிப்பதால் இடது கையால் போட்ட கையெழுத்து. எழுதியது உன் தங்கை.)