நிற்கிற பஸ்ஸுக்குப் பின்னால்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மச்சான். நேற்று கோவளத்தில், நடுரோட்டில், ஒரு செருப்பைத் தொலைத்தேன். மகள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் இருந்தேன். முன்னே ஒரு பஸ், ஓரம் கட்டாமலே நின்றது. அதன் பிரேக் சூட்டு வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், இரண்டு கால்களையும் தாரில் ஊன்றி, "நிறுத்துடி!" என்று அலறினேன். ஐம்பது வயது ஆள் பிரேக் வேலை பார்த்தால் செருப்பு தங்குமா?

"யப்பா, லெஃப்ட்ல அவ்ளோ கேப் கீது. பூந்து போயிருக்கலாம்" என்றாள்.

அந்தச் சந்தில்தான் மீன்காரம்மா ஒருவர் இறங்கினார். அவர்கள் இறங்கும் விதம் உனக்குத் தெரியும்: முகம் பஸ்ஸைப் பார்த்து, முதுகு ரோட்டைப் பார்த்து, படியிலிருக்கும் அன்னக்கூடையை இழுத்துக்கொண்டே.

அணுபுரத்துக்கு நாம் ஒரே பைக்கில் வேலைக்குப் போனோமே, அப்போது முன்னே பஸ் நின்றால் போதும், உன் விரல்கள் என் தோளில் இறுகும்.

"காலை ஊணு மச்சான். கடைசி ஆளு எறங்கி ஓரம் போவட்டும். ரைட்டுலயும் பூராத, பஸ்ஸு மூஞ்சிக்கு முன்னாடி எவனாவது குறுக்கால வருவான்."

"பஸ்ஸு இன்னா உன் மாமனாரா, பின்னாடியே கைகட்டிகினு நிக்க?"

"மாமனாருன்னா தாண்டிப் போயிருப்பேன். நீ ஊணு."

பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு நீ திரும்பி உட்கார்ந்து கும்பிடு வேறு போடுவாய். நான் மானம் போகிறதென்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வேன்.

சர்க்கரை வியாதி உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்று மகள் முதன்முறை தனியாக வேலைக்குக் கிளம்பினாள். என்னால் உட்கார முடியவில்லை. கேட்டுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். போனைச் சார்ஜில் போட்டேன், எடுத்தேன், போட்டேன். "ஒரு எடத்துல ஒக்காரேன், தரை தேயுது" என்றாள் என் மனைவி.

ஒருவழியாக அழைப்பு வந்தது.

"யப்பா, வந்து சேந்துட்டேன். வழியில ஒரு பஸ்ஸு நின்னுச்சு, நானும் நின்னேன். பின்னாடி ஒருத்தன் கன்னாபின்னான்னு திட்டுறான்."

"நீ இன்னா பண்ண?"

"திட்டட்டும். ஒரு ஆயா எறங்கிகினு இருந்துச்சு."

இன்றும் நிற்கிற பஸ்ஸைக் கண்டால், நடந்து போகும்போதுகூட என் கால் தானாக ஊன்றிக்கொள்கிறது. உன்னைப் பற்றி மகளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. நீ பஸ்ஸில் போன நாட்களில் ஒருமுறைகூட அது நிற்கும்வரை காத்திருந்ததில்லை, ஓடும்போதே குதித்துவிடுவாய்.