தங்கச்சியின் நாற்பத்தொரு படங்கள்

பிப்ரவரி 3, சனி

போனில் எங்கள் போட்டோக் குழுவில் நான் போட்ட படத்துக்கு ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஏழையும் நானே படித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஆகட்டுமே! முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவனுக்கு எண் மட்டும்தான் தெரியும். எழுத்து போன வருஷம் முதியோர் வகுப்பில் வந்தது. அதுவரை எல்லாம் தங்கச்சி படித்துச் சொல்வாள். இன்று பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்றாள்.

படம், படிக்கட்டில் விரித்து வைத்த ஈரக்குடை. குடை அழகு, பின்னால் இருக்கும் வாளியை விட்டிருக்கலாம் என்று குழுவை நடத்தும் பல் டாக்டர் எழுதியிருந்தார். என்னிடம் இருப்பது அவர் கொடுத்த பழைய குட்டிக் காமிராதான். வாளியை நான் பார்க்கவே இல்லை. காமிரா பார்த்திருக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

ஆஸ்பத்திரி டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தங்கச்சியின் நுரையீரல். மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அவங்கதான் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தக்காளி விலை பேசிக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 8

அவளுக்கு என்று ஒரு படம்கூட இல்லை. அடையாள அட்டையில் இருப்பது யாரோ பிடிபட்ட திருடி. எனக்கும் அவளுக்கும் கல்யாணம் காட்சி ஆகவில்லை. நான் வேலைக்குப் போனேன், அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள், பிறகு இருவரும் இந்த இரண்டு அறையில். அறுபத்தெட்டு வயதிலும் எனக்கு அவள் பாப்பா. நாளைக்கு நான் யாரைப் பார்ப்பேன்?

கேட்டேன். படத்துக்கு உட்கார முடியாது என்றாள்.

பிப்ரவரி 10, சனி

கூட்டம். பல் டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, காத்திருக்கும் அறையில் எங்களை உட்காரவைப்பார். எல்லாரும் காமிராவிலிருந்து படம் பதியும் கார்டைக் கழற்றி ஒரு தட்டில் போடுவோம். அவர் ஒவ்வொன்றாகச் சுவரில் பெரிதாகக் காட்டுவார். பேசி முடிக்கும்வரை யாருடைய படம் என்று சொல்லக்கூடாது.

படமே பிடிக்காதவரை எப்படி எடுப்பது என்று கேட்டேன். தையல்காரர் ஜன்னலோரம் உட்காரவைக்கச் சொன்னார், வெயில் நேராக விழக்கூடாதாம். கண்ணைக் காமிராவே தேடித் திரையில் அதைச் சுற்றிக் கட்டம் போடும், அதை நம்புங்கள் என்றார் டாக்டர். கண்டக்டரம்மா சொன்னதுதான் பிடித்தது: "அப்பவும் விறைப்பா இருந்தாங்கன்னா திரையைத் திருப்பி அவங்க பக்கம் காட்டுங்க. தன் மூஞ்சியைப் பாத்தா யாரும் இளகிடுவாங்க."

பிப்ரவரி 11, ஞாயிறு

சம்மதித்துவிட்டாள்! குழுவில் போடக்கூடாது என்று ஒரே நிபந்தனை.

பத்து மணி வெளிச்சம். ஜன்னலோரம் நாற்காலி. சத்தமே வராமல் எடுக்கும்படி வைத்தேன். ஒவ்வொரு படமும் திரையில் இரண்டு நொடி நின்று போனது. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எழுத்து மின்னிக்கொண்டே இருந்தது. ஆங்கிலம். காமிராவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அதன் பாஷை தெரியாது. பேட்டரி கதையாக இருக்கும்.

முப்பது படம் வரை நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தாள். திரையைத் திருப்பினேன். உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள்! இருமல் வந்தும் நிறுத்தவில்லை. இன்னும் பதினொன்று எடுத்தேன். மொத்தம் நாற்பத்தொன்று.

என் வாழ்நாளில் இப்படி ஒரு காலை இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

கார்டு இல்லை.

டாக்டர் போன் செய்தார். என் கார்டு சனிக்கிழமையே தட்டில் தங்கிவிட்டதாம். கார்டு இல்லாமலும் காமிரா எடுக்குமாம், காட்டுமாம், எங்கேயும் வைக்காதாம். அந்த வசதியைத் தானே முன்பே நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார். அவர் என்ன செய்வார். மூடியைத் திறந்து பார்க்காத முட்டாள் யார்? நான்தானே. நான்தான்.

படம் எங்கே என்றாள் பாப்பா. கம்ப்யூட்டரில் போட்டால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14

இன்னொரு நாள் உட்காரேன் என்றேன். "ஏன், அது போதாதா?" என்றாள். கார்டு கதை வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 16

மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ்.

பிப்ரவரி 19, திங்கள்

மூக்கில் குழாய். கார்டு போட்டு, இரண்டு தடவை திறந்து பார்த்து, காமிராவைக் கொண்டுபோனேன். வெளியே எடுக்கக் கை வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணா" என்றாள்.

திரையைத் திருப்பினேனே, அப்போதே படித்திருக்கிறாள். அஞ்சாங்கிளாஸ் இங்கிலீஷ். கார்டு இல்லை என்று கொட்டை எழுத்தில் இருந்ததாம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

"எனக்குப் படம் வேணாம். ஆனா உன் மூஞ்சியைப் பாத்தேன். அவ்வளவு குஷியா உன்ன நான் பாத்ததே இல்லண்ணா. சொன்னா அது போயிடும்ல."

கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. கள்ளி. என்னைப் பார்த்து வைத்துக்கொண்டாள், எனக்கு ஒன்றும் வைக்கவில்லை.

பிப்ரவரி 23

பாப்பா போய்விட்டாள். காலை பத்தேகால்.

மார்ச் 1

ஒன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 9, சனி

குழுவில் எல்லாரும் இரங்கல் எழுதியிருக்கிறார்கள். படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் நானே படித்தேன். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தருவதாகத் தையல்காரர் வந்து சொன்னார். அந்தத் திருடி வேண்டாம் என்றேன். கூட்டத்துக்குப் போகவில்லை.

அந்த நாற்பத்தொரு படத்தையும் எண் போட்டு எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

1. கழுத்து வரை பட்டன். கண் கதவைப் பார்க்கிறது.

6. அதேதான். காது மட்டும் வெளிச்சத்தில் சிவப்பு.

17. கொட்டாவியை அடக்குகிறாள்.

மற்றவை கலங்கலாக இருக்கின்றன. இரண்டு நொடியில் எவ்வளவு பார்ப்பது? முப்பத்தொன்றிலிருந்து திரை அவள் பக்கம். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன்.

31. சிரிப்பு வரப்போகிறது, இன்னும் வரவில்லை.

32. வந்துவிட்டது. மேல்வரிசையில் பல் இல்லாத இடம் தெரிகிறது.

33. கையால் வாயைப் பொத்துகிறாள். போதும்ணா, போதும் என்கிறாள். இன்னும் ஒண்ணே ஒண்ணு என்கிறேன்.