பாதர் வைச்ச திறப்பு

அன்பு மச்சாள்,

ஆறு வருசமாய் உன்னோடை முகம் குடுத்துக் கதைக்காத நான்தான் எழுதுறன்.

இவ்வளவு காலமும் இஞ்சத்தை எங்கடை தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவரை நியமிச்ச இத்தாலியப் பாதர், நேற்று சேர்ச் மண்டபக் கதவின்ரை திறப்பை மேசையிலை வைச்சு, "இனி நீங்களே தெரிவு செய்யுங்கோ" எண்டார்.

அவரே ஒரு பேர் சொல்லுவார் எண்டு எல்லாரும் அவற்றை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தம். அவர் கடைசியாய் நியமிச்ச தலைவி நான்தான்.

அப்ப உன்னைத்தான் நினைச்சன். ஆறு வருசத்துக்கு முந்தி என்னை நியமிச்ச அண்டைக்கு, "எங்கடை சனம் கை தூக்கித் தெரிவு செய்யட்டும், அதுவரை வரமாட்டன்" எண்டு எழும்பிப் போனனி.

உன்ரை பேரைச் சொல்லிப்போட்டன். ஞாயிறு வாக்கெடுப்பு, நீ வேலை செய்யிற வீட்டுச் சின்யோராவிட்டை லீவு கேள். உனக்கு எதிராயும் கை உயரும். அதைத்தானே கேட்டனி? ஆனால் உனக்கு முதலிலை உயர்றது என்ரை கை.

கோவத்திலையும் உன்ரை,
மச்சாள்