அப்பாவின் வாயும் ஆஸ்பத்திரியின் விலையும்

சீர்காழி பக்கம்,
புரட்டாசி கடைசி

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குறுவை அறுத்தாகிவிட்டது. நெல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் இன்னும் எடுக்கவில்லை, அப்பா அங்கேயே காவல் கிடக்கிறார். போனில் உன் தங்கை பேச்சை எடுத்தாலே “அப்பறம் பேசறேம்மா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

இசைவாணிக்கும் இனியவனுக்கும் விவாகரத்து விவகாரம் முடிந்தது. போன வாரம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அப்பாடா! நேற்றுதான் சோறு வாய்க்கு ருசித்தது.

பிரிவது என்று ஆன பிறகு சண்டையெல்லாம் அந்த மாட்டு ஆஸ்பத்திரியைப் பற்றித்தான். வைத்தியம் பார்த்தது இவள். மருந்துக் கடை, கணக்கு எல்லாம் அவன். ஆஸ்பத்திரியின் நல்ல பெயருக்கும் ஒரு விலை போட்டுப் பாதி கொடு என்றான். கொடுப்பதென்றால் இருக்கிற வயலை விற்க வேண்டும். இல்லையென்றால் ஆஸ்பத்திரியை அவனிடம் விட்டுவிட்டு, இவள் இந்தப் பக்கமே வைத்தியம் பார்க்கக் கூடாதாம். சேற்றில் முட்டி போட்டுக் கன்று இழுத்தவள் எங்கே போவாள், சொல்லு.

சமரச மையத்தில் இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஆஸிம் என்ற ஆடிட்டரை விலை போட அனுப்பினார்கள். அதிராம்பட்டினத்துக்காரர், மரியாதையான பிள்ளை. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவர் ஆபீசுக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். கேட்டாரா? இவள் நம் வீட்டில் முதல் டாக்டர் ஆயிற்றே! “எம்பொண்ணு கை பட்டாத்தான் சார் மாடு எந்திரிக்கும். அவ இல்லன்னா மாட்டத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க, வேற டாக்டரத் தொட விடமாட்டாங்க” என்று அளந்துவிட்டார். ஏறுகிற விலையில் பாதி நாம்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. ஆஸிம் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். பஸ்ஸில் நான் திட்டிய திட்டில் அப்பா வைத்தீஸ்வரன்கோயில் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். “விடும்மா, அப்பா பொய் சொல்லலையே” என்றாள் இசைவாணி.

ஆஸிம் அந்தப் பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டு மாடு வைத்திருக்கிறவர்களிடம் எல்லாம் விசாரித்திருக்கிறார். இவள் லீவு போட்ட சமயம் வேறு டாக்டர் வந்தபோது நிஜமாகவே திரும்பிப் போயிருக்கிறார்கள்! மையத்தில் வைத்து, “இந்தப் பேரு கடைக்கு இல்லைங்க, இவங்க கைக்குத்தான். வித்தா வாங்குறவருக்கு வராது. விக்க முடியாதத எப்படிங்க பங்கு போடறது?” என்றார். மேஜை, பிரிட்ஜ், மருந்து, கடை முன்பணம், இதற்கு மட்டும்தான் விலை. இனியவனும் ஒத்துக்கொண்டான். அதையெல்லாம் அவனே எடுத்துக்கொண்டான், இவள் வைத்தியப் பையோடு வந்துவிட்டாள். கிளம்பும்போது “வர்றேன் மாமா” என்றான் பாவம், அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வயலும் தப்பியது, அவள் தொழிலும் தப்பியது. இப்போது நம் வைக்கோல் கொட்டகைதான் ஆஸ்பத்திரி. போர்டு கூட மாட்டவில்லை, அதற்குள் வாசலில் மாடுகள். சாப்பிட வந்த அப்பா, தன்னால்தான் ஜெயித்தது என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன், இனி அவரைப் பிடிக்க முடியாது.

நேற்று மருதையன் மாடு கன்று போட்டது. டாக்டருக்கு என்று சீம்பால் கொண்டுவந்தார். வெல்லம் போட்டுக் காய்ச்சினேன். இசைவாணி ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்து, “அக்காவுக்கு இதுன்னா உசுரு” என்றாள். பிறகு அதையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊர் என்ன சொல்லும் என்று நீ பயந்தாயே, ஊர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நம் வாசலில்தான் நிற்கிறது. அவளுக்கு ஒரு போன் போடு கண்ணு. நடந்ததை எதுவும் கேட்க வேண்டாம். மருதையன் மாடு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், மீதியை அவளே சொல்லுவாள்.

என் ஆயுசையும் சேர்த்து நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
நீலாம்பாள்