பெரிய ஏஜெண்டாகப் போனவருக்கு

டன்லப் தெரு, சிங்கப்பூர்
1908 ஜூன்

அல்லாஹ்வின் காவலில் நாகப்பட்டினத்தில் இருக்கும் என் மச்சான் அப்துல் முத்தலிப் அவர்களுக்கு, சம்சுன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. நானும் நம் மகள் மைமூனும் சுகம். உங்கள் சுகத்துக்குத் தொழுகை தவறாமல் துஆ கேட்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலாளி உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுகிறார் என்று படித்ததும் மைமூனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன், சிங்கப்பூர் என்று கம்பெனிக்கு இருக்கிற கடைகள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய ஏஜெண்டு வைக்கப்போகிறார்கள், அதற்கு உங்களைப் பழக்குகிறார்கள் என்பது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் மச்சான், இத்தனை வருஷம் ஆற்றங்கரையில் நின்று கற்காத எதை முதலாளி வீட்டுக் கூடத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள்? கப்பல் துரைமாரோடு பேசும் முறை, ஊருக்கு ஊர் வியாபாரப் போக்கு, ஆளை எடைபோடும் விதம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். சரி. முதலாளி வீட்டம்மா தினமும் தன் கையாலேயே பலகாரம் செய்து அனுப்புகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எந்தப் பாடத்தில் சேர்த்தி?

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தந்தவர் நீங்கள். வரிக்கு நடுவில் படிக்கிற புத்தி நானாகக் கற்றுக்கொண்டது.

சிங்கப்பூர்க் கடையில் உங்கள் ஏஜெண்டு இடத்துக்குப் பினாங்குக் கடையிலிருந்து வந்திருக்கிற ஒலி முகம்மது நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுகிறேன். நரைத்த தாடி, மெல்லிய குரல், யாரையும் அதட்டுவதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வந்த வாரமே பெரிய வாவல் மீன் ஒன்று வீட்டுக்கு அனுப்பினார். நான் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஆயிஷா லாத்தாவிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னேன். லாத்தா அதைத் தானே குழம்பு வைத்துவிட்டார், அது வேறு விஷயம்.

மீன் போகட்டும். இவர் என்னைப் பற்றி விசாரிக்கிறார். பள்ளிவாசலில் மோதினாரிடம் கேட்டாராம். ஆயிஷா லாத்தாவின் மருமகனிடமும் கேட்டாராம். முத்தலிபின் சம்சாரம் எந்தக் குடும்பம், தாய் மலாய்க்காரிதானா, கூடப்பிறந்தவர்கள் உண்டா, தனியாக இருக்கப் பழக்கப்பட்டவளா என்று. கடை பார்க்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு? என் வாப்பா கப்பல் சரக்கு இறக்கும் தொங்கான் படகுகளுக்குத் தண்டலாக, ஆட்களுக்குத் தலைவராக இருந்தவர், உம்மா கம்போங் கிளாம் மலாய்க்காரி என்பது உங்கள் முதலாளிக்குத் தெரியாததா? நம் நிக்காஹ்வுக்கு அவர் வராமல் இருந்ததே அதனால்தானே!

தண்டல் மருதப்பனும் வந்து போனார். வாப்பாவிடம் வேலை கற்றவர் என்பதால் மனக்குறை எதுவானாலும் இங்கே வந்து கொட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே புலம்பினார்.

"அம்மா, புதுசா வந்த இந்தாளு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தனத் தண்டலா நிக்கச் சொல்றாரு. நான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கணுமாம். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து முடிச்சா, அப்புறம் நான் எதுக்கு?"

மேலே ஏற்றப் போவதாகச் சொல்லி ஒருவரைக் கூட்டிப்போகிறார்கள், கீழே இன்னொருவரை இறக்குகிறார்கள். இரண்டும் ஒரே கைதானோ என்று யோசிக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பலகாரம் அதிகம் வேண்டாம், உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

உங்கள் நலத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்திருக்கும்,
சம்சுன்னிசா


டன்லப் தெரு, சிங்கப்பூர்
1908 ஆகஸ்ட்

என் மச்சான் அவர்களுக்கு சலாம். இங்கே எல்லோரும் சுகம். மைமூனுக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. இப்போது தெருவில் மாட்டுவண்டிக்காரர்களோடு வாயாடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

உங்களிடமிருந்து கடிதம் வந்து நாளாயிற்று. கடைசியாக வந்ததில் "நான் வந்ததும்" என்ற வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை. முன்பெல்லாம் மூன்று வரிக்கு ஒரு தரம் எழுதுவீர்கள். அதற்குப் பதிலாக, வீட்டு வாடகைக்கு அலையவேண்டாம், நீயும் பிள்ளையும் கம்போங் கிளாமில் உன் உம்மாவின் சொந்தக்காரர்களோடு போய் இருந்தால் வசதியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு வசதி என்று எழுதவில்லை. அந்த வரி உங்கள் கையெழுத்தில் இருந்தது. உங்கள் பேச்சாக இல்லை.

போன வாரம் இங்கே பெரிய கலாட்டா. கப்பல் வெளித்துறையில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறது, வெங்காயமும் துணிப் பொதிகளும் இறங்கவேண்டும், மருதப்பனின் ஆட்கள் ஒருவரும் தொங்கான் எடுக்க மறுத்துவிட்டார்கள். தண்டலைத் தள்ளிவிட்டு வேறு ஆளை உட்கார வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அவர்களுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. மழை வேறு. வெங்காயம் அழுகினால் கம்பெனி பெயரும் சேர்ந்து நாறும் என்று எல்லாக் கடைகளிலும் பேச்சு.

ஒலி முகம்மது நானா நம் வாசலுக்கு வந்தார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். ஆயிஷா லாத்தா நடுவில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, மருதப்பன் உங்க பேச்சக் கேப்பாராம். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

நான் சொன்னேன், "மொதல்ல நீங்க சொல்லுங்க நானா. என்னப் பத்தி ஊரெல்லாம் விசாரிச்சீங்களே, எதுக்கு? யாரு கேக்கச் சொன்னா?"

மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் நேராகவே, "முதலாளி" என்றார்.

அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் மச்சான். படித்துவிட்டுக் கிழித்துப் போடாதீர்கள். முதலாளிக்கு இளைய மகள் இருக்கிறாராம். பெரிய ஏஜெண்டாக வருகிறவருக்கு அந்தப் பெண்ணை ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் செய்து கொடுப்பதாகப் பேச்சாம். உங்களையும் பார்க்கிறார்கள், ரங்கூன் கடைக்காரர் ஒருவரையும் பார்க்கிறார்களாம். சிங்கப்பூர் சம்சாரம் சத்தம் போடாமல் ஒதுங்கிப் போகிறவளா என்று பார்த்து எழுதச் சொல்லித்தான் இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படி இவ்ளோ நிச்சயமா தெரியும்?" என்று கேட்டேன்.

"என்னையும் இப்படித்தான் பழக்குனாங்க தங்கச்சி. நான் கொழும்புல இருந்தேன். நாகப்பட்டினத்துக்குக் கூப்ட்டாங்க, நல்லா கவனிச்சாங்க. முதலாளியோட தம்பி மகளக் கட்டி வச்சாங்க. அப்புறம் பினாங்குக்கு மேனேஜர். கொழும்புல ஒருத்தி இருந்தா. அவ என்ன ஆனான்னு கேக்குற தைரியம் எனக்கு இன்னிக்கி வரைக்கும் வரல. ஒருத்தனத் தலைவனாக்கணும்னா அவங்க மொதல்ல செய்ற வேலை, அவனுக்குப் போறதுக்கு வேற வீடு இல்லாம பண்றதுதான்."

ஆயிஷா லாத்தாவின் முறம் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. இவர் சொல்வது உண்மையா, அல்லது என்னைப் பேச வைத்து வேவு பார்க்கிறாரா என்றுதான் முதலில் தோன்றியது. பாருங்கள், உங்கள் கம்பெனி என்னை எப்படி ஆக்கிவிட்டது!

தண்டல் வேலையை ஏன் மாற்றி மாற்றிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். காரணத்தை மருதப்பனிடமே நேரில் சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்றேன். ரிக்‌ஷாவில் திரைபோட்டுக்கொண்டு, லாத்தாவையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். நீங்கள் இருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் இல்லை.

ஆட்கள் எல்லோரும் படகுகளின்மேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் குரல் கேட்டதும் மருதப்பன் ரிக்‌ஷா பக்கம் வந்தார். ஒலி முகம்மது நானா குடையை மடக்கிவிட்டு அவர் எதிரில் நின்று சொன்னார்.

"ஒனக்குக் காய்ச்சல் வந்தா வேலை நிக்குது. அது கம்பெனிக்குத் தெரியும். அதனால ஒன்ன ஒருத்தன மட்டும் மெரட்டுனாப் போதும், இல்ல காசு குடுத்து வாங்குனாப் போதும். எல்லாரும் ஒன் கையில அடங்கிருவாங்க. நாலு பேருக்கு வேலை தெரிஞ்சா நாலு பேரையும் வாங்கணும். அது அவங்களுக்குச் சுலபமில்ல."

மருதப்பன் முகத்தில் மழைத் தண்ணீரைத் துடைத்துவிட்டு என் திரைப் பக்கம் திரும்பிக் கேட்டார், "அம்மா, இவர நம்பலாமா?"

நம்பலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியாது. நான் கேட்டதுக்கு மறைக்காம பதில் சொன்னாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றேன்.

மருதப்பன் யோசித்தார். அந்த நாலு பேரை நான்தான் பொறுக்குவேன், கடை பொறுக்கக்கூடாது என்றார். ஒலி முகம்மது நானா சரி என்றார். படகுகள் கிளம்பின. வெங்காயத்தில் பாதி தேறியது. இப்போது கந்தன் என்கிற ஆள் தண்டலாக நிற்கிறான், மருதப்பன் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறார். இருவருக்கும் இன்னும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம்தான். ஆனாலும் வேலை நடக்கிறது.

என் வேலைதான் நடக்கவில்லை. சோறு வடிக்கும்போது மனசுக்குள் உங்களைக் கேட்கிறேன், துணி துவைக்கும்போது கேட்கிறேன். உண்மையா மச்சான்? ஷவ்வால் என்று நாள் குறித்தாகிவிட்டதா? ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்று எழுதுங்கள். நான் கம்போங் கிளாமுக்குப் போகமாட்டேன். வாடகைக்கு நான் வழி பார்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டில்தான் இருப்பேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான்.

உங்கள் மகள் வாப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை மட்டும் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சம்சுன்னிசா


டன்லப் தெரு, சிங்கப்பூர்
1908 நவம்பர்

பினாங்குத் துறைமுகத்தில் இந்தக் கடிதத்தை வாங்கப்போகும் மச்சான் அவர்களுக்கு சலாம். கப்பல் பினாங்கில் நிற்கும்போது உங்கள் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று அங்குள்ள கம்பெனிக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

பெருநாள் கழிந்தது. மைமூனுக்குப் பச்சைப் பட்டில் பாவாடை தைத்தேன். ஆயிஷா லாத்தா வீட்டில் பிரியாணி. நான் சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெருநாளுக்கு மறுவாரம் உங்கள் தந்தி வந்தது. "பெரிய ஏஜெண்டு வேலை இல்லை. கப்பல் ஏறுகிறேன்." அவ்வளவுதான். மைமூன் தந்தியைப் பிடுங்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வந்த கப்பலில் நாகப்பட்டினத்துச் செய்தியும் வந்தது. ரங்கூன்காரருக்கு முதலாளி மகளை முடித்துவிட்டார்களாம். ஐந்து ஊர்க் கடைக்கும் அவர்தான் தலைவராம். விருந்து பெரிய விருந்தாம்.

ஒலி முகம்மது நானா வாசலுக்கு வந்து ஒன்று சொன்னார். ஆற்றங்கரைக் கலாட்டா முடிந்ததுமே அவர் முதலாளிக்கு எழுதிவிட்டாராம். அந்தப் பெண் சத்தம் போடாமல் ஒதுங்குகிறவள் இல்லை, அவளை ஒதுக்கினால் படகுக்காரர்கள் மொத்தமும் கம்பெனியை விட்டுப் போவார்கள், சிங்கப்பூர்க் கடை படுத்துவிடும் என்று. எனக்கு நல்லது செய்ததாக நினைத்துத்தான் சொன்னார். நன்றி சொன்னேன். அவர் போனபிறகு, ஏன் சொன்னார் என்று ஆகிவிட்டது.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வருகிறீர்களா? அல்லது அந்தக் கடிதத்தைப் பார்த்து அவர்கள் உங்களை வேண்டாம் என்று சொன்னார்களா? கொழும்பில் ஒருத்தி இருந்தாளே, அவளுக்காக எழுத ஓர் ஒலி முகம்மது இருக்கவில்லை. எனக்கு இருந்தார். அவர் எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்கு இனி எப்படித் தெரியும்?

இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொண்டு வரவேண்டும். சிங்கப்பூர்க் கடைக்கு ஒலி முகம்மது நானாவே ஏஜெண்டாக இருக்க உத்தரவு வந்திருக்கிறது. நீங்கள் அவருக்குக் கீழே. மருதப்பனிடம் சொன்னேன். "அய்யா வரட்டும்மா, ஆத்தங்கரைல எப்பவும் எடம் இருக்கு" என்றார். உங்களுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியாது. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் நீங்கள்.

துறைமுகத்துக்கு நான் வரமாட்டேன். மைமூனை மருதப்பன் அழைத்து வருவார். பச்சைப் பாவாடை கட்டியிருப்பாள். உயரமாகிவிட்டாள், சட்டென்று அடையாளம் தெரியாவிட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். குளிக்க வெந்நீர் இருக்கும், சோறும் புளியாணமும் மீனும் இருக்கும். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒன்றும் கேட்கமாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை கேட்பேன். அந்த ஒரு முறைக்குப் பிறகு இந்த வீட்டில் இந்தப் பேச்சு எழாது. நாகப்பட்டினத்தில் உங்களுக்கு ஆளை எடைபோடவும் பேசவும் கற்றுக் கொடுத்தார்களே. உண்மையைச் சொல்வதானால் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். பொய் சொல்வதானால் மட்டும், மச்சான், நன்றாகச் சொல்லுங்கள். நான் நம்பும்படி.

இந்தப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும். மேல்தட்டில் நிற்காதீர்கள். அல்லாஹ் உங்களைக் கரை சேர்க்கட்டும்.

சம்சுன்னிசா