தரையைப் பார்த்தால் சொல்

மார்ச் 5, 2024

இன்று ஏழு பேருக்கு முகம் மழித்து, நான்கு பேரைக் குளிப்பாட்டி, ஒருவருடைய பல் செட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன் (வேறொருவர் வாயில் இருந்தது). ஹோவிக்கில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லம் மட்டுமல்ல, ஆக்லாந்து மாநகரமே என் தோளில்தான் நிற்கிறது. நான் சற்றுக் குனிந்தால் ஹார்பர் பிரிட்ஜ் விழுந்துவிடும். வீட்டுக்கு வந்து மனைவி மீனாட்சியிடம் இதைத் தெரிவித்தேன்.

“குனிஞ்சு அந்தக் குப்பைத் தொட்டிய ரோட்டுல கொண்டு வைங்க. பாலம் விழுதான்னு பாப்போம்” என்றாள்.

பதினான்காம் அறைக்கு ஒரு இங்கிலாந்துக்காரர் வந்திருக்கிறார். எட்மண்ட் பார்ஸ்லோ, வயது எண்பத்து நான்கு. நடிகராக இருந்தவரா என்று கேட்டேன். “நடிகர்” என்று திருத்தினார். என் பெயர் பழனிவேல் என்றதும் முன்பாதியை வெட்டி எறிந்து “வேல்” என்று கூப்பிட்டார். மீனாட்சிக்கே இந்தத் துணிச்சல் வந்ததில்லை.

மார்ச் 14

பார்ஸ்லோ பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் எழுதி வைக்கிறேன். அப்போதுதான் எனக்கு அவர் குரல் கேட்கிறது.

இருபது வயதில் வட இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் ஆரம்பித்திருக்கிறார். வாரம் ஒரு நாடகம். இந்த வாரத்து நாடகத்தை மாலையில் நடித்துக்கொண்டே அடுத்த வாரத்து நாடகத்தைக் காலையில் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு முறை பாதிரியாராக மேடையில் நுழைந்து, போன வாரக் கொலைகாரனின் வசனத்தைப் பேசிவிட்டாராம். “யாரும் ஆட்சேபிக்கவில்லை” என்றார்.

பிறகு டிவி. ஒன்பது இன்ஸ்பெக்டர்கள், நான்கு பாதிரியார்கள், கணக்கில்லாத டாக்டர்கள். ‘எங்களால் முடிந்ததைச் செய்தோம்’ என்று சொல்லியே வீடு வாங்கினாராம். தானே நாற்பத்தொரு தடவை செத்திருக்கிறார். கதாநாயகனாக ஒரு தடவைகூட இல்லை. ஒரு பெரிய நடிகருக்கு மாற்று ஆளாக இரண்டு வருடம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததில், ஒரே ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இவர் பெயரை அறிவித்ததும் அரங்கம் முழுக்கப் பெருமூச்சு. ஆனால் நாடகம் முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

“கைதட்டவா?” என்றேன்.

“கடைசி பஸ்ஸுக்கு.”

இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். மனைவி போய்விட்டார். ஒரே மகள் ஹெலன், இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மதுரை மின்வாரிய ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியதைச் சொன்னேன். நான் கர்ஜித்ததில் வறண்டு கிடந்த வைகையில் தண்ணீர் வந்தது என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

மார்ச் 24

ஞாயிறு. என் தங்கை மகள் லக்ஷ்மிப்ரியா சாப்பிட வந்தாள். டிவி தொடர்களுக்கு நடிகர்களைத் தேடிப் பிடித்துத் தரும் ஆபீஸில் வேலை. ஏதோ கொலைத் தொடராம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த சாட்சியாக ஒரு வயதான இங்கிலாந்துக்காரர் வேண்டுமாம். ஒரு நாள் வேலை, ஆறு வசனம். நான் பார்ஸ்லோவைச் சொன்னேன்.

“ஞாபகமெல்லாம் நல்லா இருக்கா மாமா? அதான் டைரக்டர் முதல்ல கேப்பாரு.”

“ஞாபகமா? போன வாரம் ஒரு முழு நாடகத்தை, ஆம்பள பொம்பள எல்லா வேஷமும் சேத்து, மூச்சு விடாம சொன்னாரு. என் டீ ஆறிப்போச்சு.”

டீ ஆறியது உண்மை.

ஏப்ரல் 2

வேஷம் கிடைத்துவிட்டது. மகளுக்கு அவரே போன் செய்து சொன்னார். சொல்லும்போது நின்றுகொண்டார், அவர் நின்று போன் பேசி நான் பார்த்ததில்லை. “ஏழு வருடம் ஆயிற்று வேல், யாரும் என்னைக் கூப்பிட்டு” என்றார்.

பிறகு வசனத் தாளை என்னிடம் நீட்டினார். “இதில் நான் யார்?”

சாட்சி என்றேன். ஐந்து நிமிடம் கழித்து, “இதில் நான் யார்?”

டீ கொண்டு வந்தபோது மறுபடியும்.

ஏப்ரல் 3

எங்கள் நர்ஸ் அஞ்சனா மலேசியாக்காரி. அவர் மறதியைப் பற்றிக் கேட்டேன்.

“பைல்ல எழுதியிருக்கே அங்கிள், படிக்கலியா? பழசெல்லாம் நல்லா இருக்கும் லா. புதுசுதான் நிக்காது.”

எழுதியிருக்கிறது, முதல் பக்கத்திலேயே. ஒரு மாதமாக அந்த மனிதருடன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். படிக்கத்தான் நேரமில்லை எனக்கு.

ஏப்ரல் 7

கோடை முடிந்து, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். அரசாங்கம் எல்லோருக்கும் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பதினான்காம் அறைக்கு மட்டும் ஒரு பத்து வருடம் கொடுத்திருக்கலாம்.

வசனம் இவ்வளவுதான். ‘நான் எப்போதும் இந்த ஜன்னல் ஓரம்தான்.’ ‘நீலக் கார்.’ ‘ஓட்டி வந்தவர் தொப்பி போட்டிருந்தார்.’ ‘திரும்பி என்னைப் பார்த்தார்.’ ‘சிரித்தார்.’ ‘பார்த்த முகம் எனக்கு மறக்காது.’

மூன்று வரை ஓடுகிறது. நான்கில் தடுக்கும். ஐந்தில் ஆளே காணாமல் போகிறார். நான் முதல் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தால் மிச்சம் தானாக வருகிறது. இருபது தடவை செய்திருப்போம். கடைசியில் தாளை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“வேல், நீ ராஜா வேஷம் கட்டியதில்லை.”

“ஏன் சார்?”

“ராஜாவுக்கு அடுத்தவன் வசனம் தெரியாது. நான் பேசும்போது உன் உதடு கூடவே அசைகிறது. திரைக்குப் பின்னால் தாளை வைத்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் அப்படி அசையும்.”

பத்தொன்பது வருடம் இந்த ஊரில் யாரும் கண்டுபிடிக்காதது. மறதிக்காரர் கண்டுபிடித்தார்.

சரி, இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன். ராஜா வேஷம் எஞ்சினியர் ராஜூவுக்கு. நான் பக்கத் திரையில் அடியெடுத்துக் கொடுப்பவன். மகன் செத்த செய்தி வந்ததும் ராஜா பேசாமல் நிற்கிறார். மறந்துவிட்டார் என்று நினைத்து வசனத்தை உரக்கக் கொடுத்தேன். அவர் மறக்கவில்லை. நடித்துக்கொண்டிருந்தார். என் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. சபை சிரித்த சிரிப்பில் செத்த மகனே எழுந்து உட்கார்ந்திருப்பான். மாற்றலாகிப் போகும்வரை ராஜூ சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே வந்த பிறகு அவர் கிரீடத்தை எடுத்து நான் வைத்துக்கொண்டேன். கேட்க ஆளில்லை.

பார்ஸ்லோவிடம் இதை அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“இடைவெளிக்கும் மறதிக்கும் வித்தியாசம் தெரிய ஒருவனுக்கு முப்பது வருடம் ஆகும்” என்றார். “உனக்கு ஆகிவிட்டது.”

ஏப்ரல் 8

லக்ஷ்மிப்ரியாவிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஏப்ரல் 11

சொன்னேன். போனில் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“மாமா, நீங்க சொன்னத நம்பி நான் டைரக்டர்கிட்ட கையெழுத்து போடாத குறையா சொல்லியிருக்கேன். எனக்கு இது முதல் வருஷம்.”

இந்த வாய் இருக்கே இந்த வாய். ஊரெல்லாம் சிரிக்க வெக்கிறதா நெனச்சு, ஒரு கிழவருக்கு ஆசை காட்டி, ஒரு பொண்ணு வேலையில மண்ணப் போட்டு… யாருக்காகடா பண்ணின? அவருக்காகவா, உனக்காகவா?

மீனாட்சி தோசையை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 12

லக்ஷ்மிப்ரியாவே கூப்பிட்டாள். டைரக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். வயதான நடிகர்கள் காதுக்குள் சின்ன இயர்போன் வைத்துக்கொள்வது உண்டாம். வேறொரு அறையிலிருந்து ஒருவர் வசனம் சொல்லலாம். பார்ஸ்லோ சம்மதித்தால் வேஷம் அவருக்கே. இல்லையென்றால் வேறு ஆள்.

ஏப்ரல் 13

சம்மதிக்கவில்லை. “அறுபது வருடமாக, நாடகம் எழுதியவனைத் தவிர வேறு எவன் குரலும் என் தலைக்குள் இருந்ததில்லை.” கதவைப் பார்த்தார். நான் வெளியே வந்தேன்.

ஏப்ரல் 15

இன்று காலை ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாதி முடிச்சு கையில். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வலப்பக்கம், உள்ளே” என்றேன். கை தானாக முடித்தது.

நிமிர்ந்து, “அந்தக் காதுச் சாமான். நீதான் பேச வேண்டும். வேறு எவனும் கூடாது” என்றார்.

ஏப்ரல் 17

ஒத்திகை. அவர் காதில் இயர்போன், நான் தாழ்வாரத்தில் போனோடு. ‘சிரித்தார்’ என்று கொடுக்க வேண்டிய இடம். என் நாக்கு சும்மா இருக்குமா? ‘சிரித்தார், ஆயிரம் பேய்கள் கூடிச் சிரித்தாற்போல’ என்று கொடுத்தேன். அறைக்குள்ளிருந்து ஆயிரம் பேயும் அப்படியே வந்தன, அழகான உச்சரிப்பில்.

உள்ளே கூப்பிட்டார். “நீ சோடிக்கிறாய். எனக்குச் சோடனை வேண்டாம். தந்தி வாசிப்பதுபோல் வாசி. சோடிக்கிற வேலை என்னுடையது.”

பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எதிரில் இருப்பவரைப் பார்த்தால் அது இடைவெளி, வாயைத் திறக்கக் கூடாது. தரையைப் பார்த்தால் தொலைந்துவிட்டார் என்று அர்த்தம்.

“தரையைப் பார்த்தால் சொல். ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதே.”

சக்கரவர்த்தியிடம் கஞ்சி குடிக்கச் சொல்வது போலிருந்தது எனக்கு. இதையே ஒரு தாளில் எழுதி அவர் அறையின் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன், அவருக்கும் மறக்காமலிருக்க.

ஏப்ரல் 23

ஹெலன் இமெயிலில் அனுமதி தந்திருந்தாள். அஞ்சனா மாத்திரைப் பெட்டியைக் கையில் கொடுத்து, “அங்கிள், இன்னிக்கு கம்மியா பேசுங்க” என்று அனுப்பினாள்.

படப்பிடிப்பு பாப்பாடோய்டோயில், ஒரு பழைய மரவீட்டில். எனக்குத் துணி துவைக்கும் அறையை ஒதுக்கியிருந்தார்கள். வாஷிங் மெஷின்தான் சிம்மாசனம். காதில் ஹெட்போன், கையில் மைக், எதிரே சின்னத் திரை. திரையில் ஜன்னல் ஓரம் அவர். சட்டைக் காலரை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டார். பத்து வயது குறைந்தது. (இது மிகை இல்லை.)

முதல் மூன்று வசனமும் தானாக வந்தன. நான்காவதும் வந்தது. ‘திரும்பி என்னைப் பார்த்தார்’ என்று சொல்லி நிறுத்தினார்.

போலீஸ்காரியாக நடிக்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. பக்கத்தில் சவுண்டுக்காரன் என்னைப் பார்க்கிறான். லக்ஷ்மிப்ரியா கதவருகே நகம் கடிக்கிறாள். நான்கு. சொல்லிடவா? சொல்லிடு. சொல்லாதே. மதுரையில் சிரித்த அத்தனை பேரும் அந்தத் துணி துவைக்கிற அறைக்குள் வந்து நிற்கிறார்கள். ஐந்து. மைக்கை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“சிரித்தார்.”

அவராகவேதான். அந்த ஒரு சொல்லுக்கு ஆயிரம் பேயெல்லாம் தேவைப்படவில்லை.

அப்புறம் மெல்லக் கண் இறங்கியது. தரைக்கு.

“பார்த்த” என்றேன்.

“பார்த்த முகம் எனக்கு மறக்காது.”

இன்னும் இரண்டு தடவை எடுத்தார்கள். முதல் தடவைதான் வேண்டும் என்றாராம் டைரக்டர். திரும்பி வரும்போது காரில் பார்ஸ்லோ கேட்டார்: “எங்கே போய்விட்டு வருகிறோம் வேல்?”

வேலைக்கு, சார் என்றேன்.

ஏப்ரல் 24

லக்ஷ்மிப்ரியா மெசேஜ் அனுப்பியிருந்தாள். ‘மாமா, இனிமே எனக்கு உள்ளது உள்ளபடி மட்டும்.’ பார்க்கலாம் என்று பதில் போட்டேன். அழித்துவிட்டுச் சரி என்று போட்டேன்.

ஜூலை 18

இன்று டிவியில் வந்தது. கூடத்தில் எல்லோரும். தான்தான் அது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசிவரை கூர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். “அந்த ஆள் காதில் ஏதோ வைத்திருக்கிறான். ஆனால் இடைவெளி அவனுடையதுதான்.”

ஆகஸ்ட் 3

கண்ணாடியில் ஒட்டிய தாள் ஓரம் சுருண்டுவிட்டது. புதிதாக எழுதி ஒட்டினேன். எதற்கு என்று அஞ்சனா கேட்டாள். தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

ஹெலன் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஏர்போர்ட்டிலிருந்து நேராக, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றாள். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எதிர்க் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

“அப்பா” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பேசவில்லை.

பிறகு கண் மெல்ல இறங்கியது.

“ஹெலன்” என்றேன், போர்வைக்குள் சொல்வதுபோல்.

“ஹெலன்” என்றார். அவர் சொன்னதில், அவள் பிறந்த நாளிலிருந்து எல்லாம் இருந்தது.

அவள் பெட்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தாள். “இப்படித்தான், எப்போதும். எங்களைக் காக்கவைத்துத்தான் சொல்வார்.”

எனக்கு எத்தனையோ சொல்லத் தோன்றியது. டீ எடுத்துவரப் போனேன்.