மச்சான் முறை

இன்று காலை மூன்றாவது தடவையாக அந்த வேட்டியைத் துவைத்தேன். கறை போகவில்லை. சவர்க்காரத்தில் ஊறவைத்து, எலுமிச்சை தேய்த்து, வெயிலில் போட்டு எடுத்தும் மடிப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேற்று நிறம் அப்படியே நிற்கிறது. பேங்காக்கில் ஏதோ ஒரு வங்கியின் ஆட்கள் இலவசமாக நீட்டிய காகித விசிறியின் சாயம் அது. வானவில் விசிறி. மழையில் நனைந்து என் பைக்குள் கரைந்து, எல்லா வண்ணங்களும் சேர்ந்து இந்த அழுக்காகிவிட்டன. முகர்ந்து பார்த்தால் அந்துருண்டையும் பசையும் கலந்து குமட்டுகிறது.

உனக்குப் போர்த்தியிருக்க வேண்டிய கோடித் துணி இது. நீ போய்ப் பதினொரு மாதமாகிறது.

ஆமாம், போய் வந்தேன். நீ பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஊர்வலத்துக்கு, நம்மைப் போன்றவர்கள் பட்டப்பகலில் நடுத்தெருவில் நடக்கிறார்களே, அதற்கு. ஒவ்வொரு வருடமும் கைப்பேசியில் படம் காட்டுவாய்.

"ஒரு தடவ போயிட்டு வரலாம்லா மச்சான். ரோட்டுல கையப் பிடிச்சிக்கிட்டு நடக்கணும், அவ்வளவுதான். அப்புறம் திரும்பி வந்து நீ பரீட்சை பேப்பர் திருத்து, நான் வேணாங்கல."

"நடுரோட்டுல ஆடுறதுக்கு நான் என்ன காவடியா எடுக்குறேன்?"

"அதுக்கும் நீ வந்ததில்லையே."

நீ சிரித்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுவாய். நான் பள்ளி ஆசிரியன். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பேன். பார்க்கக்கூடியவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொருவர் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. அது இன்னும் ஆறவில்லை.

மச்சான் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் நீதான். பேராவில், சிலிபினில் நாம் வீடெடுத்த முதல் வாரத்திலேயே சொன்னாய்: "பாசார்ல நின்னு மச்சான்னு கத்திப் பாரு, பத்துப் பேரு திரும்புவான். அதுக்குள்ள நாம ஒளிஞ்சிக்கலாம்." அப்படியே ஒளிந்துகொண்டோம், இருபத்தொரு வருடம். கோயிலிலும் கூப்பிட்டோம், உன் அம்மா முன்னாலும் கூப்பிட்டோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உன் அம்மா வருகிற நாட்களில் இரண்டாவது அறைப் படுக்கையில் நீ பத்து நிமிடம் புரண்டு எழுவாய், விரிப்பு கசங்கியிருக்க வேண்டுமே என்று. "என் நடிப்புக்கு ஒரு கோப்பை குடுக்கணும்" என்பாய். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

தஞ்சோங் மாலிமில், வேலை நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன் அண்ணனுக்குத்தான் போன் போயிற்று. எனக்கு அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், துணி உலர்த்திக்கொண்டே, ஏதோ அரிசி விலை சொல்வது போல.

உன்னைக் கிடத்தியிருந்த உன் அண்ணன் வீட்டில் நான் வாசல் பக்கம் நின்றேன். சடங்கு செய்ய வந்த பண்டாரம் நிமிர்ந்து, "கோடி போடணும். மச்சான் முறை யாரு?" என்று கேட்டார். உனக்கு மனைவி இல்லை. அக்கா தங்கையும் இல்லை. மச்சானுக்கு எங்கே போவது? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது காது மந்தமான உன் பெரியம்மா, என்னை நோக்கிக் கைநீட்டி ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

"அந்தா நிக்கிறாரே, அவருதான் மச்சான்! தம்பி எப்பவும் மச்சான் மச்சான்னுதானே கூப்பிடும்!"

பண்டாரம் ஒன்றும் யோசிக்கவில்லை. வேட்டியை என் இரண்டு கைகளிலும் வைத்தார். நான் உன் தலைமாட்டுக்கு மூன்று அடி எடுத்து வைத்திருப்பேன். அந்த மூன்று அடி தூரம் நான் உன் முறைக்காரனாக இருந்தேன்.

உன் அண்ணன் குறுக்கே வந்தார். "பெரியம்மா, அது சும்மா கூட்டாளிங்க கூப்பிடுறதுலா. இவரு அந்த வீட்டுல ரூம் வாடகைக்கு இருந்தவரு." பிறகு என்னைப் பார்த்து, "இல்லையா சார்?" என்றார்.

அந்தச் "சார்" இருக்கிறதே. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

நான் சொன்னேன்: "ஆமா. வாடகைக்குத்தான் இருந்தேன்."

உன் அண்ணியின் தம்பியைக் கூப்பிட்டார்கள். உன்னிடம் அவன் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டான். வேட்டியை அவனிடம் கொடுக்க நீட்டினேன். உன் அண்ணன் அவனை அதைத் தொடவிடவில்லை. "அத நீங்களே வச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டு வேறு துணிக்குக் கடைக்கு ஆளனுப்பினார். அஸ்தியை லூமுட் கடலில் கரைத்தது மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு மிஞ்சியது இந்தத் துணி. ஆகவே பேங்காக்குக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். உன்னைக் கூட்டிப்போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ பார்த்திருந்தால் துள்ளியிருப்பாய். எனக்கு ஒவ்வொன்றும் அருவருப்பாக இருந்தது. வியர்வை, வாசனைத் திரவியம், காலடியில் மிதிபட்ட பிளாஸ்டிக் குவளைகள். குளிர்சாதனப் பெட்டி விற்கிறவன், சோப்பு விற்கிறவன், வீடு விற்கிறவன் எல்லோரும் ஆளுக்கொரு லாரியில் வானவில்லைச் சுற்றி ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஒரு லாரியில் கூலிக்கு வந்த பெண்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஆடினார்கள். நாம் கசக்கி வைத்த படுக்கையை யாரோ துவைத்துத் தேய்த்துக் கடையில் தொங்கவிட்டது போல இருந்தது.

ஆனால் நான் மிகவும் வெறுத்தது லாரிகளை அல்ல. ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஐம்பது வயதிருக்கும், தொப்பையும் வழுக்கையுமாக. ஒரே பொட்டலத்திலிருந்து மாங்காய்த் துண்டு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவனின் மோவாயைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டான், பேச்சைக்கூட நிறுத்தாமல். அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

நகரும்போது எவனோ பீய்ச்சிய சோப்பு நுரை என் முகத்தில் விழுந்தது. "ச்சீ!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

பின்னால் ஒரு பெண் சிரித்தாள். "அண்ணே, அந்தச் 'ச்சீ'ய கேட்டதும் தெரிஞ்சிருச்சு, நம்ம ஊரு ஆளுன்னு. எங்க, பேராவா?"

லூமுட்காரி. நாற்பதைத் தாண்டியவள். பக்கத்தில் கட்டை முடியோடு ஒரு சீனப் பெண்மணி, அவளுடைய துணை. அப்போதுதான் மழை கொட்டியது. மூவரும் ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம்.

"தனியாவா வந்தீங்க?"

"மச்சானோட வாரதா இருந்துச்சு. தவறிட்டாரு."

"அடடா. எந்த மச்சான், அக்கா வீட்டுக்காரரா?"

'ஆமா' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபத்தொரு வருடப் பழக்கம். தெரு நிறைய நம் ஆட்கள் நிற்கிற இடத்திலும் அது தானாக வந்தது. அதைக் கடித்து விழுங்கினேன்.

"எனக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி யாரும் இல்லம்மா," என்றேன்.

தகரத்தில் மழை அடித்தது. அவள் என்னையே பார்த்தாள். "எத்தன வருஷம்ணே?"

"இருபத்தொண்ணு."

"சாவு வீட்டுல உள்ள விட்டாங்களா?"

வேறு யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் வாடகைக்காரன் என்று ஒப்புக்கொண்டது உட்பட. துணியைக் காட்டப் பையைத் திறந்தபோதுதான் விசிறி கரைந்திருந்ததைப் பார்த்தோம். அவள் பதறிப்போய்க் காகிதத்தால் துடைக்க வந்தாள்.

"தேய்க்காதீங்க, பரவும்," என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். துணைக்குப் புரியாத வேகத்தில், "எங்கம்மா சாவுக்கு வந்தவங்ககிட்ட இவள வேல எடத்துக் கூட்டாளின்னு சொன்னேன்ணே," என்றாள். "யாரும் கேக்கல. நானேதான் சொன்னேன்."

மழை விட்டதும் அவர்கள் ஊர்வலத்துக்குத் திரும்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. மனம் இளகி ஆடினேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். அந்தக் கூச்சல் எனக்கு இன்னும் அருவருப்புத்தான். ஆனால் பேர்கூடக் கேட்காத ஒருத்தியிடம், அந்நிய ஊர்த் தகரத்தடியில் சொன்னதை, உன் அண்ணன் வீட்டில் உன் தலைமாட்டில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே, அதைவிட அருவருப்பானது எதையும் நான் அந்தத் தெருவில் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் உன் முதல் திதி. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. இனி இந்த வேட்டியைத் துவைக்கப் போவதில்லை. இதையே கட்டிக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போவேன், கறை முன்பக்கம் தெரிகிற மாதிரி. அங்கே போனதும் தானாக வாய் திறப்பேன் என்று என்னை நான் நம்பவில்லை. ஆனால் உன் பெரியம்மா இருப்பார். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, ஒருவன் அழுக்கு வேட்டியோடு வந்து நின்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"என்னய்யா இது கறை, யாரு வேட்டி இது?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்பார். அப்போது நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், மச்சான்.